‘வரமாட்டோம்’ என்று சொல்லப் போன சனிக்கிழமை

1

இந்த வாரத்தோடு நான் ஹைதராபாத் வந்து பத்தொன்பது ஆண்டுகள் முடிகின்றன. வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, லேசான தூறல். டைரியில் இருக்கிறது.

போடிநாயக்கனூரில் என்னைத் தெரிந்தவர்கள் நான் வெளிநாட்டில் இருப்பதாகவே பேசுகிறார்கள். ஊருக்குப் போனால், "எப்ப வந்தீக, எப்பத் திரும்ப?" என்று துபாய்க்காரனிடம் கேட்பதைப்போலக் கேட்கிறார்கள். ஆனால் துபாய்க்காரன் கொடுத்துவைத்தவன். அவனுக்கு விசா இருக்கிறது, லீவு தராத முதலாளி இருக்கிறார், அம்மா அழுதால் நடுவில் ஒரு கடல் கிடந்து சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. எனக்கு நடுவில் இருப்பது ஒரு ராத்திரி ரயில் பயணம் மட்டும்தான். அம்மாவின் பெருமூச்சுக்கு டிக்கெட்கூட வேண்டாம்.

பெற்றவர்களிடம் முடியாது என்று சொல்வது எப்படி என இணையத்தில் ஏராளமாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஒன்றுவிடாமல் படித்திருக்கிறேன். அமைதியாக, உறுதியாக, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். எழுதியவர்களில் ஒருவர்கூட என் அம்மாவிடம் பேசியதில்லை என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது.

2

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் ஒரே வேதம்தான்: எழுதப்படாத எதுவும் நடக்கவில்லை. மாத்திரை செய்யும் இயந்திரத்தைத் துடைத்தால், துடைத்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலும் எனக்கு அதே புத்தி. கேஸ் சிலிண்டர் மாட்டிய நாள், மகளுக்கு முதல் பல் விழுந்த கிழமை, மனைவி கவிதா கடைசியாக என்னைப் பாராட்டிய மாதம் எல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். கடைசியாகச் சொன்னது அடிக்கடி புதுப்பிக்க வேண்டிய பதிவு அல்ல.

அதனால் என் பெற்றோரின் வழிமுறைகளைப் பற்றி நான் சொல்வது யூகம் இல்லை, பதிவு.

அம்மா எதையும் கேட்கமாட்டார். கேட்காமல் இருப்பதுதான் அவருடைய முறை. தொழிற்சாலையின் உள்ளறைகளுக்குள் போன் கொண்டுபோக முடியாது என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு புதன்கிழமை ரிசப்ஷனுக்கே போன் வந்தது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் அம்மாவின் குரலில் இருந்த சோகத்தைக் கேட்டு அவள் மிரண்டுபோய் ஆள் அனுப்பிவிட்டாள். தலையுறை, கையுறை, அங்கி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தேன்.

"ஒண்ணுமில்லய்யா. முருங்கக்கா வாங்குனேன். நீ இல்லயேன்னு நெனப்பு வந்துச்சு. நீ வேலையப் பாரு சாமி."

அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போனில் பேசமாட்டார். போனுக்குப் பக்கத்தில் பேசுவார். அம்மா என்னோடு பேசும்போது, நான்கடி தள்ளி நின்று சுவரைப் பார்த்து, "பேசச் சொல்லு, பேசச் சொல்லு. நாம இருக்குற வரைக்கும்தான" என்பார். நேரடியாகச் சொன்னால் பதில் சொல்லலாம். சுவரிடம் சொன்னதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

ரேஷன் கார்டு விவகாரமும் இதே வகைதான். இங்கே எது விண்ணப்பித்தாலும் ஊர்க் கார்டில் பெயர் நீக்கிய சான்று கேட்கிறார்கள். அப்பா ஆயுள் முழுக்க ஊராருக்குச் சான்று எழுதிக் கொடுத்தவர்; என் ஒருவனுக்கு மட்டும் பேனா எடுக்கமாட்டார். "பேர அடிச்சா வீட்ல ஒரு ஆளு இல்லாத மாதிரி ஆயிரும்ல" என்று அம்மா சொல்வார். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வருகிறவரிடம் அப்பா வருடாவருடம், "வெளியூர் போயிருக்கான், வந்துருவான்" என்கிறார். பத்தொன்பது வருடமாக நான் வெளியூர் போயிருக்கிறேன்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே தாங்கினேன். ஏனென்றால் இதில் நஷ்டப்பட்டது நான் மட்டும்தான். இரண்டு வருடம் முன்பு அது மாறியது.

3

எங்களுக்கு ஒரே மகள். இங்கே அவளை இனியா என்று வைத்துக்கொள்வோம். ஹைதராபாத்திலேயே பிறந்தவள். தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இந்தியிலோ இங்கிலீஷிலோ வரும். அப்பா என்று வராது, தெலுங்கில் ‘நான்னா’ என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். ஊரில் இதற்கே அம்மா ஒருமுறை படுத்துக்கொண்டார்.

அப்போது ஏழாம் வகுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து போன் வந்தது: உடம்பு சரியில்லை, வந்து அழைத்துப்போங்கள். கவிதாவின் ஆபீஸ் சனத்நகரில், நான்தான் பக்கம். தேதியை இங்கே எழுதமாட்டேன். நேரத்தை எழுதியதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஸ்கூட்டரில் ஏறும் முன்பே கவிதாவுக்குப் போன் போட்டு இனியாவே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். பிறகு என்னிடம், என் முகத்தைப் பார்க்காமல், "நான்னா, யாருக்கும் சொல்லக் கூடாது. எவரிக்கீ. ப்ராமிஸ்?" என்றாள். முக்கியமான விஷயம் என்றால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும்.

"ப்ராமிஸ்" என்றேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அம்மா வீடியோவில் வந்தார். பின்னால் சோபாவில் இனியா படுத்திருந்ததும், ஆபீஸிலிருந்து ஓடிவந்த கவிதா அடுப்படியில் நின்றதும் தெரிந்தன.

"புள்ள ஏன் படுத்துருக்கு?"

"சும்மா, தலைவலிம்மா."

"தலைவலிக்கா கவிதா ஆபீஸ் போகாம வெந்தயம் வறுக்குறா?"

அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். துடைக்கவில்லை. அருகே வைத்திருந்தார். "என்ட்ட மறைக்கிற அளவுக்கு நான் வேத்தாளாப் போயிட்டனாய்யா?"

என் ப்ராமிஸ் அத்தனை நேரம்தான் தாங்கியது. பெரிய மனுசி ஆயிட்டாம்மா என்றேன். அம்மா ஆனந்தத்தில் கொஞ்சம் அழுதுவிட்டு, "நேரம் சொல்லு. ருது ஜாதகம் எழுதணும். காலைல ஒரு பத்து இருக்குமா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண் வயதுக்கு வந்த நேரத்தை வைத்துத் தனியாக ஒரு ஜாதகம் கணிப்பார்கள். அந்த இடத்தில் வேறு எந்த மகனாக இருந்தாலும், "ஆமாம்மா, பத்து" என்று சொல்லியிருப்பான். உலகம் அமைதியாகச் சுழன்றிருக்கும்.

"இல்லம்மா. பதினொண்ணு பத்து" என்றேன்.

"வெள்ளிக்கிழமை பதினொண்ணு பத்தா? ராகு காலம்ல அது! நல்லாப் பாத்துச் சொல்லுய்யா. பத்து பத்தா இருக்கும்."

"பதினொண்ணு பத்துதாம்மா. கேட் பாஸ்ல இருக்கு."

அதோடு நிறுத்தினேனா? பள்ளியில் என்னிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்த அந்தக் கேட் பாஸைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஆவணம் கையில் இருக்கும்போது வாய்வார்த்தையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

கேட் பாஸில் இருப்பது பள்ளியை விட்டு வெளியே வந்த நேரம் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் போடியில் ஜாதகம் எழுதியாகிவிட்டது. என் மகள் பள்ளிக் கேட்டைத் தாண்டிய வினாடிக்கு எல்லாக் கிரகங்களும் சாட்சி சொல்லிவிட்டன. தோஷம் இருக்கிறது, சொந்தபந்தத்தைக் கூட்டி விழா எடுத்துத்தான் கழிக்க வேண்டும் என்று ஜோசியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

4

அடுத்த வாரம் அம்மா போனில் செய்தி மட்டும் சொன்னார். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் பிடித்தாயிற்று. கவிதாவின் அண்ணன், அதாவது தாய்மாமன், ஓலைக்குச் சொல்லிவிட்டார். குடிசை கட்டுவது அவர் உரிமை.

"அவளுக்கு இஷ்டமில்லம்மா. நாங்களும் வேண்டாம்னு நெனக்கிறோம்."

"நான் எங்கய்யா வேணும்ன்னேன்? நாளப்பின்ன புள்ளைக்கு ஒண்ணுன்னா நீதான பதில் சொல்லப் போற."

பின்னால் அப்பா சுவரிடம்: "எல்லா வீட்டு விசேசத்துலயும் போயி உக்காந்து சாப்புட்டு வந்துருக்கோம். நம்ம வீட்ல ஒருநாள் எல போட வக்கில்லன்னு பேசட்டும்."

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "பாக்கலாம்மா."

அந்த மாதத்தில் ஏழு முறை ‘பாக்கலாம்மா’ சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார்கள். அதன் மாதிரியை என் சித்தப்பா மகள் இனியாவுக்கே அனுப்பிவிட்டாள். ஆறு வயதில் பட்டுப்பாவாடையில் எடுத்த இனியாவின் படம் நடுவில். சுற்றிலும் கைகூப்பியபடி எங்கள் வம்சத்து ஆண்கள் பதினான்கு பேர், இருவர் கூலிங்கிளாஸில். நானும் இருந்தேன். என் படத்தை ஊர் வாக்காளர் அட்டையிலிருந்து எடுத்திருந்தார்கள்.

இனியா போனை என் முன்னால் நீட்டினாள். அழவில்லை. "நேனு செப்பானு கதா, எவரிக்கீ செப்பொத்தனி" என்றாள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொன்னேன் இல்லையா என்று அர்த்தம். எனக்குத் தெலுங்கு சுமார்தான். அன்றைக்கு ஒரு சொல்லும் விடாமல் புரிந்தது.

"அப்பத்தா அழுதாங்கம்மா..."

"அவங்க அழுதா நீங்க சொல்லிடுவீங்க. நான் அழல, அதனால பரவால்லயா?" இதைத் தமிழில்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் சொல்வதில்லை. மரியாதைக்குக் குறைவில்லை. சாப்பிட்டாயா என்றால் ‘யெஸ்’, ஸ்கூல் எப்படி என்றால் ‘ஃபைன்’. தேர்வு மதிப்பெண், சண்டைபோட்ட தோழி, பிடிக்காத டீச்சர் எல்லாம் கவிதாவுக்கு மட்டும். நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். என்னுடைய டைரியில் அந்த இரண்டு மாதம் மகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதுவதற்கு எனக்கு எதுவும் தெரியவில்லை.

கவிதா ஒரே முறைதான் பேசினாள். "நான் உங்க அம்மாட்ட பேசலாம். பேசுனா, மருமக தடுத்துட்டான்னு ஆயிரும், நீங்களும் தப்பிச்சிருவீங்க. இது உங்க வேலை."

5

தொழிற்சாலையில் என் பக்கத்து மேஜை சங்கரன். செகந்திராபாத்தில் நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அவன் தமிழில் பாதி இந்த ஊர்ச் சரக்கு: ‘கைக்கு’ என்றால் எதற்கு, ‘நக்கோ’ என்றால் வேண்டாம். பெற்றோருக்கு ஒரு கடிதம் தயாரித்து அவனிடம் காட்டினேன். பின்னணி, நிகழ்ந்த தவறு, மூலகாரணம், தடுப்பு நடவடிக்கை என்று நான்கு பக்கம். எங்கள் ஆலையில் ஒரு மருந்து கெட்டுப்போனால் எழுதும் அறிக்கையின் அதே வரிசை.

"அரே, இது என்னது? மாத்திரை ரீகாலா?" என்றான்.

"அப்பாவுக்கு லெட்டர்."

"கைக்கு பாய் நாலு பக்கம்? நக்கோ. ஒரே வார்த்தை. நக்கோ அம்மா, முடிஞ்சுது."

"நீ உங்க அம்மாகிட்ட சொல்லுவியா?"

சங்கரன் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். "எங்கம்மா கூடவே இருக்காங்க. அவங்கதான் எனக்கு நக்கோ சொல்றாங்க."

கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, வெள்ளி சாயங்காலம் கிளம்பினேன். தனியாக.

6

சனிக்கிழமை பிற்பகல் போடி வீட்டில் போய் நின்றேன். அம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அப்பா சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா திடீர்னு? புள்ளைக வரல?" அம்மா என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் காப்பி வரும், காப்பி குடித்தால் ‘பாக்கலாம்மா’ வரும். "அம்மா, விழாவுக்கு நாங்க வரமாட்டோம். இனியாவுக்கு வேண்டாம். நாங்க அவளக் கூட்டிட்டு வரமாட்டோம்."

சொல்லி முடித்த பிறகுதான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்பது தெரிந்தது. வயது நாற்பத்தாறு.

அம்மா அடுத்த பூண்டை எடுத்தார். "நான் கேக்கவே இல்லயே. நானும் ஒங்கப்பாவும் மண்டபத்துல போயி வாசல்ல நிக்கிறோம். வர்றவுகளுக்குப் பன்னீர் தெளிச்சு விட்டுட்டு வர்றோம்."

அப்பா டிவியிடம்: "சோறாக்கிக் காக்காய்க்குப் போடலாம்."

"அப்பா, என்கிட்ட சொல்லுங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."

அப்பா திரும்பினார். எனக்கு நினைவு தெரிந்து அவர் இப்படி நேராகத் திரும்பியது குறைவு. "என்னடா சொல்லணும்? ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் சொல்லியாச்சு. மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைக்க?"

"தப்பு என்னுதுப்பா. யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணிட்டு, அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன். கேட் பாஸ்லாம் அனுப்புனேன். இப்ப எம்மக எங்கிட்ட பேசுறதில்ல."

"பெத்தவகிட்டச் சொல்றது தப்பாய்யா?" என்றார் அம்மா.

"அவ சொல்லாதன்னு சொன்னதச் சொன்னது தப்புதாம்மா."

"தோசம் இருக்குன்னு சொல்லிருக்காக."

"அந்த நேரம் ஸ்கூல் கேட்டத் தாண்டுன நேரம். தோஷம் இருந்தா எனக்குத்தான். ஸ்கூட்டர் ஓட்டுனது நான்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைசி ஆயுதத்தை எடுத்தார். குரல் உயரவில்லை. "சரிய்யா. இனிமே நான் ஒனக்குப் போன் பண்ணல. நீங்க நல்லா இருங்க."

இதற்கு முன் இந்த வாக்கியம் வந்த போதெல்லாம் நான் இரண்டு நிமிடத்தில் சரணடைந்திருக்கிறேன். சாட்சிக்கு டைரி இருக்கிறது. அன்றைக்கு, "சரிம்மா. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் பண்றேன்" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. எனக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை. அவருடைய விரல் நுனியெல்லாம் பூண்டுத் தோல் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது இட்லிப் பொடி, முறுக்கு, வறுத்த வேர்க்கடலை எதுவும் வரவில்லை. ஹைதராபாத் போன பதினேழு ஆண்டுகளில் முதன்முறையாக வெறும் பையோடு ரயில் ஏறினேன். பாரம் குறைந்தால் தோள் வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

7

மண்டபம் வீணாகவில்லை. அப்பா தாலுகா ஆபீஸ்காரர். ஒரு கோப்பை எப்படித் திருப்பிவிடுவது என்று அவருக்குத் தெரியும். அதே ஞாயிறு, அதே பந்தல், அதே சமையல்காரர். விசேஷம் மட்டும் மாறியது: அப்பாவுக்கு எழுபதாம் கல்யாணம்.

அப்பாவுக்கு எழுபது ஆகவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் இரண்டு வயது கூட்டி எழுதிவிட்டார். அதனால் இரண்டு வருட சர்வீஸ் போயிற்று என்று அந்த வாத்தியாரை ஆயுள் முழுக்கத் திட்டியவர் அப்பா. இப்போது அந்தச் சான்றிதழைத்தான் ஊருக்கு எடுத்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் போனில் அம்மா இதைச் சொன்னபோது, நான் திருத்தவில்லை. "கட்டாயம் வர்றோம்மா" என்றேன்.

போனோம். இனியா வந்தது எனக்காக இல்லை; கவிதா கேட்டதற்காக. ரயிலில் எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். நான் ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்ததைக் கவிதா அவளுக்குச் சொல்லியிருந்தாள். அதற்கு அவள் சொன்ன பதில்: "ஓகே, லெட்ஸ் ஸீ."

மண்டபத்தில் அம்மா பட்டுச்சேலையில், அப்பாவின் பக்கத்தில், இரண்டாம் முறை தாலி கட்டிக்கொண்டு, வெட்கத்தை மறைக்க எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். பிறகு பந்தியில் கல்யாணப் பெண்ணே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். யாராலும் தடுக்க முடியவில்லை.

நானும் இனியாவும் அடுத்தடுத்த இலையில். எதிர் வரிசையில் அப்பாவின் அக்கா, என் அத்தை. அவர் இனியாவை மேலும் கீழும் பார்த்தார். "ஏத்தா, வளந்துட்டியே. இவளுக்கு விசேசம்னுல்ல மொதல்ல சொன்னாக? ஆயிட்டாளா? என்னைக்கு ஆச்சு?" வரிசையில் நான்கைந்து பேர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். இனியா இலையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் காது சிவந்தது.

அத்தை என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. நீதான் எல்லாத்தயும் கிழமையோட சொல்லுவியே."

"எனக்கு ஞாபகமில்ல அத்த" என்றேன்.

"ஒனக்கா? எம்மக கல்யாணத்துக்கு மழ பேஞ்ச நேரத்தயே சொல்றவன் நீ!"

"மறந்துபோச்சு அத்த."

அம்மா வாளியோடு எங்கள் வரிசைக்கு வந்துவிட்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்தார். இனியாவைப் பார்த்தார். பிறகு அத்தையின் இலையில் கரண்டி நிறையச் சாம்பாரை ஊற்றியபடி சொன்னார்:

"பெத்த தாய்க்கு ஞாயித்துக்கெழம மட்டும் போன் பண்றவனுக்கு இதெல்லாமா ஞாபகம் இருக்கும்? நீங்க சாப்பிடுங்க அண்ணி, ஆறிரும்."

இனியாவுக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன். குடித்துவிட்டு, இலையைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"நான்னா, ஸ்கூல்ல ஒரு மேட்டர். திரும்பிப் போறப்ப ரயில்ல சொல்றேன். ஆனா நீங்க அத எழுதக் கூடாது."

சரி என்றேன். ரயிலில் சொன்னாள். திண்டுக்கல் தாண்டி வெகுநேரம் சொன்னாள்.